உங்க பக்கமா, எங்க பக்கமா?

— எழுந்திரிங்க சம்பந்தி. அது என் சேர்.

— உங்க சேரா? உங்க ஹார்டுவேர் கடையிலேர்ந்து தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தீங்களா? இது ஆஸ்பத்திரிச் சேர், கடைக்காரரே. முதல்ல வந்தவன் உட்கார்வான். பஸ் டெப்போவுல டைம்கீப்பரா இருந்து ரிடையர் ஆனவன் கிட்டயே வரிசை ரூல்ஸ் பேசறீங்களா?

— ரூல்ஸ் எல்லாம் இல்லை. போன மாசம் என் பொண்ணையும் பேரனையும் கூட்டிட்டு வந்தப்போ இதுலதான் உட்கார்ந்தேன். அதுக்கு முந்தின தடவையும் இதேதான். இந்த ஓரத்துல உட்கார்ந்தாத்தான் எனக்கு மூச்சு விட வரும். பக்கத்துல இருக்கறது பச்சை சேர். பச்சையில எனக்கு உட்கார வராது.

— பச்சையில உட்கார வராதாம்! சரி, இந்தாங்க, உட்காருங்க. உங்க பேரன் ஏன் அப்படி இருக்கான்னு இப்பத்தான் புரியுது.

— ஆரம்பிச்சுட்டீங்களா? பிறந்தப்போ உங்க மூக்கு, உங்க நெத்தின்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தீங்க. அன்னிக்கு உங்க பேரன். டாக்டர் ரூம் வாசல்ல மட்டும் எங்க பேரனா?

— மூக்கு எங்களோடதுதான். மூக்குல ஒரு கோளாறும் இல்லையே. பிரச்னை மூக்குக்கு மேல.

— மெதுவாப் பேசுங்க. உள்ள என் பொண்ணு இருக்கா. குழந்தை இருக்கான். டாக்டர் இருக்கார்.

— இருக்கட்டும். நேரா ரூட்டுக்கு வருவோம். டாக்டர் என்ன சொல்லி அனுப்பினார்?

— "அடுத்த தடவை ரெண்டு பக்கத்துப் பெரியவங்களையும் கூட்டிட்டு வாங்க, பேசணும்"னார்.

— ரைட். பெரியவங்களை எதுக்குக் கூப்பிடுவாங்க? பையனுக்கு அஞ்சு வயசு. பேச்சு வரலை. கூப்பிட்டாத் திரும்பறதில்லை. பஸ் சக்கரத்தைப் பார்த்தா மட்டும் பரவசமாயிடறான். இது எந்தப் பக்கத்து ரத்தத்துல வந்ததுன்னு விசாரிக்கத்தான் கூப்பிடுவாங்க. ஒவ்வொரு ஆளா நிக்க வச்சுக் கேட்பார்.

— எனக்கும் அப்படித்தான் படுது சம்பந்தி. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை.

— நான் நல்லாத் தூங்கினேன். எங்க பக்கம் சுத்தம்.

— சுத்தம்னு நீங்க சொன்னாப் போதுமா? எத்தனை டாக்டர் எத்தனை சொல்லிட்டாங்க. முதல் ஆள் காது கேட்கலைன்னார். பிஸ்கட் பாக்கெட் பிரிக்கற சத்தம் மூணாவது வீட்டுலேர்ந்து கேட்குதுங்க அவனுக்கு! ரெண்டாவது ஆள், அம்மா வேலைக்குப் போறதாலன்னார். பாவி மக, நல்ல வேலையை விட்டுட்டு வீட்ல உட்கார்ந்தா. மூணாவது ஆள், எந்நேரமும் அம்மா கூடவே இருக்கறதாலதான் பேசலைன்னார்.

— நாலாவது ஆள் டிவியாலன்னார். என் டிவியைக் கழட்டிப் பரண்ல போட்டாங்க. நியூஸ் பார்க்காம நான்தான் ஊமையாயிட்டேன்.

— இந்த டாக்டர்தான் கொஞ்சம் நிதானமாப் பார்க்கறார். அதுவும் பெரிய ஊர்லேர்ந்து மாசத்துக்கு ஒரு நாள் வர்றவர். அந்த ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைங்க பாருங்க, படிக்கட்டு வரைக்கும் வரிசை. அவர் முன்னாடி நீங்க கன்னாபின்னான்னு பேசி வைக்காதீங்க.

— நான் ஏன் பேசப் போறேன்? ஒரே ஒரு வார்த்தை அவர் வாயால வரணும் எனக்கு. "தாய் வழி." அவ்வளவுதான். இறங்கிப் போயிட்டே இருப்பேன்.

— அந்த வார்த்தையை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?

— வர்ற ஞாயித்துக்கிழமை என் சின்னப் பொண்ணைக் கேட்டு வர்றாங்க. நல்ல இடம். பையன் தங்கம். அவங்க காதுக்கு ஏற்கெனவே ஏதோ போயிருக்கு. "பெரியவரே, உங்க வீட்ல ஒரு குழந்தை ஒரு மாதிரியாமே?"ன்னு போன்லயே கேட்டாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— டவர் கிடைக்கலைன்னு வச்சுட்டேன். எத்தனை நாளைக்கு டவர் கிடைக்காம இருக்கும்? நேர்ல வந்து கேட்டா, "அது எங்க ரத்தம் இல்லீங்க, மருமக பக்கம். டாக்டரே சொல்லிட்டார்"னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லணும்.

— அதுக்குத்தான் என் பொண்ணையும் குழந்தையையும் பெட்டி கட்டி என் வீட்டுக்கு அனுப்பி வச்சீங்க.

— சின்னவ கல்யாணம் முடியற வரைக்கும்னு சொல்லித்தானே அனுப்பினேன்?

— சின்னவ கல்யாணம் முடிஞ்சா அவளுக்குக் குழந்தை பிறக்கற வரைக்கும்பீங்க. பிறந்தா, அது பேசற வரைக்கும்பீங்க. இன்னிக்கு டாக்டர் வாயால அந்த வார்த்தை வந்துச்சுன்னா, என் பொண்ணு திரும்ப உங்க வாசப்படி ஏற முடியாது சம்பந்தி. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். உங்க பிள்ளை என்ன சொல்றார்?

— "அப்பா சொல்றபடி"ன்னு சொல்லிட்டு ஷிப்ட்டுக்குப் போயிட்டான்.

— நல்ல பிள்ளை. உங்க டெப்போ பஸ் மாதிரி. நீங்க விசில் அடிச்சாக் கிளம்பறார்.

— என் பிள்ளையைப் பேசாதீங்க. அவன்... ஐயோ, இந்த மணி! டோக்கன் கூப்பிட எதுக்கு இப்படி ஒரு மணி? மண்டைக்குள்ள ஆணி அடிக்கற மாதிரி! நீங்க ஏன் காதைப் பொத்தறீங்க?

— நீங்க பொத்தினீங்களே, ஒரு மரியாதைக்கு.

— மரியாதைக்குக் கண்ணையும் மூடுவீங்களா?

— மணி நின்னுடுச்சு சம்பந்தி. கையை எடுங்க. எடுத்துட்டு எங்க எழுந்து போறீங்க? ஏன் குனியறீங்க? அது உங்க செருப்பு இல்லையே.

— யாரோடதா இருந்தா என்ன? உள்ள பாய் போட்டிருக்காங்களாம், எல்லாரும் வெளியில கழட்டிப் போட்டிருக்காங்க. அதுக்காக இப்படியா? ஒண்ணு கிழக்க, ஒண்ணு மேற்க. பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு. ஜோடி ஜோடியா மூக்கு வெளியில பார்க்க நிறுத்தி வச்சா, கிளம்பும்போது ரிவர்ஸ் எடுக்காமப் போகலாம்ல?

— சரி, அந்தப் பெரிய செருப்பை முதல்ல வைக்காதீங்க.

— ஏன்?

— சின்னதுலேர்ந்து பெருசுக்குப் போகணும். சைஸ் வாரியா. நட்டு, போல்ட்டு எல்லாம் அப்படித்தான் அடுக்குவோம். தள்ளுங்க, நான் வைக்கறேன். இதோ. குழந்தைங்களோடது, பொம்பளைங்களோடது, அப்புறம் ஆம்பளைங்களோடது. இப்பப் பாருங்க, கண்ணுக்கு எப்படி இருக்கு.

— அது பரவாயில்லை. ஆனா, ஒத்தைச் செருப்பு ஒண்ணு மீதி இருக்கே.

— அதைப் பார்க்காதீங்க. நானும் பார்க்கலை. உட்காருங்க.

— உட்கார்ந்துட்டேன். இப்ப சொல்றேன் கேட்டுக்கோங்க கடைக்காரரே. டாக்டர் கேட்டா நான் உங்களைப் பத்தித்தான் முதல்ல சொல்வேன்.

— என்னைப் பத்தியா? என்ன இருக்கு சொல்ல?

— போன வருஷம் உங்க கடைக்கு ஒரு போல்ட்டு வாங்க வந்தேன். டப்பாவுல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. கண்ணால பார்த்தேன். சம்பந்தின்னு உரிமையாக் கேட்டேன். என்ன சொன்னீங்க?

— கடைசி போல்ட்டை நான் விக்கறதில்லை.

— ஏன்?

— வித்தா டப்பா காலி ஆயிடும்ல? காலி டப்பா இருக்கற கடையில எப்படி உட்கார்றது?

— என்னைக் கொண்டு போய் எதிர்க்கடையில விட்டு, அங்க வாங்கிக் கொடுத்தீங்களே! உலகத்துல எந்த வியாபாரியாவது தன் போல்ட்டைக் காப்பாத்த எதிரிக்கு வியாபாரம் பண்ணிக் கொடுப்பானா? இதை டாக்டர் கிட்டச் சொன்னாப் போதும். வேற டெஸ்ட்டே வேண்டாம்.

— அப்போ நான் கல்யாண மண்டபத்தைச் சொல்வேன்.

— எந்தக் கல்யாணம்?

— உங்க பிள்ளை கல்யாணம்! என் பொண்ணு மணமேடையில உட்கார்ந்திருக்கா, ஜனம் மொத்தமும் காத்திருக்கு, மாப்பிள்ளையோட அப்பாவைக் காணோம். எங்க இருந்தீங்க? மண்டபத்துக் கடைசியில, சேர் எல்லாம் கோணலா இருக்குன்னு ஒவ்வொண்ணா நேர் பண்ணிட்டு இருந்தீங்க. ஆள் உட்கார்ந்திருந்த சேரைக் கூட ஆளோட நகர்த்தினீங்க!

— வரிசைன்னா வரிசையா இருக்கணும்.

— எங்க பெரியம்மா சேரோட சுவர் வரைக்கும் போயிட்டாங்க சம்பந்தி. இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. இன்னிக்கு வந்ததுலேர்ந்து டாக்டர் ரூம் கதவுக் கண்ணாடியில எத்தனை தடவை தலை வாரிட்டீங்க? வாரறதுக்கு அங்க என்ன இருக்கு?

— இப்படியே பேசிட்டிருந்தா உள்ள போய் ரெண்டு பேரும் நாறிடுவோம்.

— அதைத்தான் நானும் சொல்ல வர்றேன். சண்டை வேண்டாம். வியாபாரமாப் பேசுவோம். யார் யாரைச் சொல்றது, யார் யாரை விட்டுடறதுன்னு இங்கயே முடிவு பண்ணிக்கலாம். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. சமமா வந்துட்டா, டாக்டரால ஒரு பக்கம் சாய்ஞ்சு பேச முடியாதுல்ல?

— ரைட். முதல்ல நீங்க கேளுங்க.

— உங்க சித்தப்பா. எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமை சொல்வாரே, அவர்.

— அவர் மேதை! ஊரே வந்து கேட்டுட்டுப் போகும்.

— மேதைதான். கிழமை சொல்வார், வீட்டுக்கு வழி சொல்ல மாட்டார். தெரு முனையில நின்னு "நாளைக்கு வெள்ளி, நாளைக்கு வெள்ளி"ன்னு சொல்லிட்டே இருப்பாராம். யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணுமாம்.

— இதை யார் சொன்னது?

— உங்க வீட்டம்மா.

— அவளுக்கு வாய்ல கதவே கிடையாது. சரி, சித்தப்பாவைத் தர்றேன். பதிலுக்கு யாரு?

— எங்க பெரிய அத்தை. நீலத்தைத் தவிர வேற கலர் உடுத்த மாட்டாங்க. அவங்க தட்டுல வேற யாராவது சாப்பிட்டுட்டா, புதுத் தட்டு வாங்கற வரைக்கும் பட்டினி.

— பத்தாது. என் சித்தப்பா முழு மேதை. ஒரு தட்டும் ஒரு நீலத்துணியும் அவருக்கு ஈடாகுமா? கூட யாரையாவது போடுங்க.

— கொசுறா? சரி, ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தர் இருந்தார். கதவை மூடினா, திறந்து இன்னொரு தடவை மூடுவார். அவர் வீட்ல திருடன் புகுந்தப்போ, அவன் திறந்து போட்டுட்டுப் போன பீரோவை முறையா ரெண்டு தடவை மூடிட்டுத்தான் "திருடன்"னு கத்தினார்.

— அடடா! அருமையான ஆள். ஆனா செல்லாது. ஒண்ணுவிட்ட சொந்தம் எல்லாம் பஸ் பாஸ் மாதிரி, பாதி ரூட்டுக்குத்தான். நேர் ரத்தம் வேணும்.

— நேர் ரத்தம்னா நான்தான் இருக்கேன். என்னையும் போட்டுக்கோங்க. அப்போ உங்க பக்கம் நேர் ரத்தத்துல யாரு?

— நான் இருக்கேன்ல, சேர் நேர் பண்ணினவன்.

— நீங்க சரி. இன்னும் ஒருத்தர் வேணும். அத்தை, ஒண்ணுவிட்டவர், நான்னு எங்க பக்கம் மூணு தலை. உங்க பக்கம் ரெண்டுதான். உங்களுக்கு அண்ணன் தம்பி யாராவது உண்டா?

— இல்லை.

— இல்லைன்னு சொல்றதுக்கு ஏன் எழுந்து நிக்கறீங்க?

— கால் மரத்துப் போச்சு.

— சம்பந்தி, உங்க வீட்டு ஹால்ல ஒரு பழைய போட்டோ மாட்டியிருக்கு. ரெண்டு பையன்க. சின்னவன் நீங்கதான், மூக்கு சொல்லுது. பெரியவன் கேமராவைப் பார்க்காம எங்கயோ பார்த்துட்டு நிக்கறான். யாருன்னு கல்யாணப் பேச்சு நடந்தப்பவே கேட்டேன். பக்கத்து வீட்டுப் பையன்னீங்க.

— ஆமா.

— பக்கத்து வீட்டுப் பையன் போட்டோவை யாராவது இத்தனை வருஷம் தினம் துடைச்சு வைப்பாங்களா?

— டோக்கன் எத்தனைல போகுதுன்னு பாருங்க.

— அது போகட்டும். உட்காருங்க. இந்தாங்க, என் சேர்லயே உட்காருங்க. நான் பச்சையில உட்கார்றேன்.

— உங்களுக்குத்தான் பச்சையில வராதே?

— வர வச்சுக்கறேன். சொல்லுங்க.

— என் அண்ணன். எனக்கும் அவனுக்கும் மூணு வயசு வித்தியாசம். அவன் பேசினதே இல்லை. அந்தக் காலத்துல இதுக்கு ஒரு பேரும் கிடையாது. வீட்ல "பெரியவன்", தெருவுல "பைத்தியம்". எனக்கு அவன்தான் எல்லாம். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். சக்கரம் சுத்தறதைப் பார்த்துட்டே நிப்பான். அப்போ மட்டும் சிரிப்பான். ஜட்ஜு சிரிக்கறான்ல, அதே சிரிப்பு.

— ஜட்ஜுன்னு பேரனுக்கு நீங்கதானே பேரு வச்சீங்க.

— ஆமா. எல்லாம் கேட்டுக்குவான், ஒண்ணும் சொல்ல மாட்டான். அண்ணனும் அப்படித்தான். வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தா அவனைப் பின் ரூம்ல விட்டுப் பூட்டிடுவாங்க. அப்பாவோட ரூல்ஸ். ஒரு நாள் பெரிய அக்காவைக் கேட்டு வந்தாங்க. சாயங்காலம் வரைக்கும் பேச்சு. அவங்க போனப்புறம் ரூமைத் திறந்தா ஜன்னல் கம்பி வளைஞ்சிருக்கு. ஆளைக் காணோம்.

— கடவுளே.

— பஸ் ஸ்டாண்டுலதான் கடைசியாப் பார்த்திருக்காங்க. ஏதோ ஒரு பஸ்ல ஏறினானாம். எந்த பஸ்? எந்த ரூட்? எத்தனை மணிக்கு? யாருக்கும் தெரியலை. அப்போல்லாம் எங்க ஸ்டாண்டுல டைம்கீப்பர்னு ஒரு ஆள் கிடையாது கடைக்காரரே. இருந்திருந்தா பார்த்திருப்பான்ல? குறிச்சு வச்சிருப்பான்ல?

— அதனாலதான்...

— அதனாலதான் அந்த வேலையில சேர்ந்தேன். டெப்போ ஆளா இருந்தாலும் சர்வீஸ் பூராவும் பஸ் ஸ்டாண்டு கேட்லதான் நின்னேன். ஆபீஸ்ல உட்காரச் சொல்லி பிரமோஷன் கொடுத்தாங்க, வேண்டாம்னுட்டேன். உள்ள வர்ற பஸ்லேர்ந்து இறங்கற ஒவ்வொரு ஆளையும் பார்ப்பேன். டிரைவருங்க எல்லாம் என்னை "எக்ஸ்ரே"ன்னு கூப்பிடுவானுங்க. ஏன்னு நான் சொன்னதில்லை. என் பிள்ளைக்கே தெரியாது.

— இந்தாங்க, தண்ணி குடிங்க.

— வேண்டாம். மூடி நீலமா இருக்கு, பாட்டில் வேற கலரா இருக்கு.

— குடிங்க சம்பந்தி! கண்ணை மூடிட்டுக் குடிங்க.

— சரி. குடிச்சாச்சு. இப்போ கணக்கு சமமா? அண்ணனைச் சேர்த்து மூணு.

— இல்லை. அவரைச் சேர்க்க வேண்டாம்.

— என்ன?

— டாக்டர் கிட்ட உங்க அண்ணனைச் சொல்ல வேண்டாம். இத்தனை வருஷம் மனசுல வச்சிருந்தவரை இங்க, செருப்பு கழட்டற இடத்துல வச்சா இறக்கறது? என் பக்கம்னே சொல்லிடறேன். அத்தை, கதவு மூடறவர், கடைசி போல்ட்டு, எல்லாம் எங்களோடது. தாய் வழி. உங்க சின்னப் பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்.

— அப்போ என் மருமக?

— என் பொண்ணுதானே. என் வீட்ல இருந்துட்டுப் போறா. ஜட்ஜும் கடையில சந்தோஷமா இருக்கான். வாஷர் எல்லாம் சைஸ் வாரியா அடுக்கித் தர்றான். எனக்கே ஒரு ஆள் வேணும்னு இருந்துச்சு.

— கடைக்காரரே.

— சொல்லுங்க.

— உங்க வீடு எனக்கு என்னன்னு இப்பத்தான் தெரியுது. எங்க வீட்டுப் பின் ரூம். விருந்தாளி வர்றாங்கன்னு ஜட்ஜைக் கொண்டு போய் அங்க விட்டிருக்கேன். பூட்டு மட்டும்தான் போடலை.

— நான் பூட்டு விக்கறவன் சம்பந்தி. பூட்டறவன் இல்லை. அவன் அங்க ராஜா மாதிரி இருக்கான்.

— ராஜாவா இருந்தாலும் பின் ரூம் பின் ரூம்தான். டாக்டர் கேட்கட்டும். "என் பக்கம்"னு சொல்லப் போறேன்.

— அதெல்லாம் முடியாது. நான் முதல்ல சொல்லிட்டேன். என் பக்கம்.

— முதல்ல சொன்னா? இது என்ன சேரா? என் பக்கம்தான்!

— உங்க சின்னப் பொண்ணை யோசிங்க!

— யோசிச்சுத்தான் சொல்றேன். ஜட்ஜைப் பார்த்து ஓடறவன் வீட்டுக்கு என் பொண்ணு எதுக்கு? நாளைக்கு அவளுக்கு ஒரு கஷ்டம்னா அவளையும் பின் ரூமுக்கு அனுப்புவானுங்க.

— நியாயம்தான். ஆனா பக்கம் என் பக்கம்!

— யோவ், உங்க அத்தை வெறும் நீலத்துணி! என் சித்தப்பா முன்னாடி நிக்க முடியுமா?

— கடைசி போல்ட்டை விக்காதவன் நான்! என்னை விடவா?

— ஒரு மண்டபத்தையே நேர் பண்ணினவன்யா நான்!

— திருடன் வந்தப்போ பீரோவை மூடினது எங்க ஆளு!

— ஒண்ணுவிட்டவர் செல்லாதுன்னு அப்பவே சொல்லிட்டேன்!

— அப்பா! மாமா! என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? மூணாவது வார்டு வரைக்கும் கேட்குது!

— வாம்மா. நீயே சொல்லு. உன் மாமா அநியாயம் பண்றார்.

— அநியாயம் பண்றது உங்கப்பா. ஜட்ஜு எங்கம்மா?

— உள்ளதான் இருக்கான் மாமா. டாக்டரோட ரப்பர் ஸ்டாம்ப் எல்லாத்தையும் வரிசையா அடுக்கினான். டாக்டர் ஒண்ணைக் கலைச்சார். இவன் திரும்ப அடுக்கினான். திரும்பக் கலைச்சார். எனக்கு அழுகையே வந்துடுச்சு, என்ன பண்ணப் போறானோன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ஒரு ஸ்டாம்பை எடுத்து டாக்டர் கையில வச்சான் மாமா. "உன் முறை, நீ வை"ங்கற மாதிரி. அவன் இதுவரைக்கும் யார் கையிலயும் எதையும் வச்சதில்லை.

— வச்சானா? ஜட்ஜா?

— வச்சான் மாமா.

— சரிம்மா, டாக்டர் என்ன சொன்னார்? மனசைத் தயார் பண்ணிட்டேன். சொல்லிடு.

— ஆட்டிசம்னு பேருப்பா. நோய் இல்லை, மாத்திரை கிடையாது. என் வேலையாலயும் இல்லை, மாமாவோட டிவியாலயும் இல்லை. இவன் மூளை இப்படித்தான் கோர்த்திருக்கு, அவ்வளவுதான்னார். ஆனா பழக்கணும். தினமும் ஒருத்தர் கீழ உட்கார்ந்து, இவன் அடுக்கறதைக் கூடச் சேர்ந்து அடுக்கி, நீ ஒண்ணு நான் ஒண்ணுன்னு விளையாடி, அதுலேர்ந்து பேச்சுக்குக் கொண்டு வரணுமாம். இங்க அதுக்கு ஆள் கிடையாது. டாக்டரும் மாசம் ஒரு நாள்தான். அதனால பொறுமையா உட்கார்ற பெரியவங்க யாராவது கத்துக்கிட்டாத்தான் உண்டாம். அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னாராம்.

— அதுக்கா?

— அதுக்குத்தான்பா. வேற எதுக்கு?

— ஏம்மா, அப்போ யார் பக்கம்னு?

— எது யார் பக்கம்?

— ரத்தம்! யார் வழியா வந்ததுன்னு கேட்க மாட்டாரா? நாங்க இவ்வளவு நேரம் உட்கார்ந்து ஆளுக்கு ஆள் பேசி முடிச்சு வச்சிருக்கோமே!

— அதை அவர் கேட்கவே இல்லை மாமா.

— எப்படிக் கேட்காம இருப்பார்? டாக்டரா அவர்? சரி, இருக்கட்டும். பையை எடும்மா. இங்கேர்ந்து நேரா நம்ம வீட்டுக்குத்தான் போறோம். தினமும் நான் உட்கார்றேன் அவன் கூட. எனக்கு வேற டூட்டி என்ன இருக்கு?

— நம்ம வீட்டுக்கா மாமா? ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்களே?

— வரட்டும். ஹால்ல ஜட்ஜு நடுவுல உட்காருவான். வர்றவங்க சுத்தி உட்காரட்டும். பிடிக்கலைன்னா வெளியில செருப்பு ரெடியா இருக்கும், மூக்கு வாசலைப் பார்த்து.

— சம்பந்தி, ஒரு நிமிஷம். அடுக்கறதுக்கு ஆள் வேணும்னா அது என் லைன். சைஸ் வாரியா அடுக்க உங்களுக்குத் தெரியாது. சின்னதுக்கு முன்னாடி பெருசை வைக்கற ஆளு நீங்க.

— வரிசை யாருக்குத் தெரியாது? எனக்கா?

— அப்பா, மாமா, போதும்! ரெண்டு பேருமே வரலாம்னு டாக்டர் சொல்லிட்டார். உள்ள வாங்க. உங்களைப் பத்தி அவருக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்கலை. அந்தக் கதவுல கண்ணாடி இருக்குல்ல? அங்கேர்ந்து உங்களுக்கு உள்ள தெரியாது, உள்ளேர்ந்து வெளியில நல்லாத் தெரியும்.

— அந்தக் கண்ணாடியா? அதுலதானே நான் தலை வாரினேன்!

— ஒவ்வொரு தடவையும் அவர் மூக்குக்கு நேராத்தான் மாமா வாரினீங்க. மணி அடிச்சப்போ நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி காதைப் பொத்தினது, உள்ள இவனும் அதே மாதிரி பொத்தினது, செருப்பை எல்லாம் அடுக்கினது, எல்லாத்தையும் பார்த்துட்டார். பார்த்துட்டு என் கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

— என்ன கேட்டார்?

— "வெளியில இருக்கற அந்தப் பெரியவங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்த அண்ணன் தம்பியா?"ன்னு.

— நீ என்னம்மா சொன்னே?

— இல்லைன்னுதான் சொன்னேன் மாமா. அவர் நம்பலை.